தாலி ஏறுகிற வரைக்கும்

ஆடி மாதம் முழுக்க மண்டபம் பூட்டியே கிடந்தது. இந்தப் பக்கத்தில் கல்யாண மண்டபத்து ஏசி மிஷின்களைக் கழுவிச் சரி பார்ப்பது ஆடியிலும் மார்கழியிலும்தான். முகூர்த்தம் இல்லாத மாதங்கள். மேளம் இருக்காது, பந்தி இருக்காது. மொட்டைமாடியில் மிஷினைப் பிரித்துப் போட்டு ஆற அமர வேலை பார்க்கலாம். ஆடி பிறந்ததுமே காளீஸ்வரன் திருச்சுழி ரோட்டிலிருக்கும் சங்கையாவின் மகாலுக்குப் போய் நின்றான். சங்கையா வாசல் வேப்பமரத்தடியில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்து நகம் வெட்டிக்கொண்டிருந்தார்.

“ஐயா, மிஷினக் கழுவி விட்ருவோமா?”

“ஓடாத மிஷினுக்கு எதுக்குடா கழுவலு? ஆவணியில ஓடட்டும். ஓடலைன்னா கூப்புடுறேன்.”

“அழுக்கு அப்பிக் கெடக்குங்கய்யா. கல்யாணத்தன்னிக்கு நின்னு போகும்.”

“மொதல்ல நீ வாயக் கழுவு. எம் மக கல்யாணந்தான்டா மொத முகூர்த்தம்.”

காளீஸ்வரன் திரும்பி வந்துவிட்டான். எதிர்த்துப் பேசுகிற ஆள் இல்லை. விருதுநகரில் மெக்கானிக்கல் இன்ஜினியரிங் படித்தவன். படித்துவிட்டு மதுரையில் ஒரு ஏசி கம்பெனியில் வேலை கற்றுக்கொண்டு, பாலவனத்தத்துக்குத் திரும்பி வந்து, மனைவியின் தம்பி பூமிநாதனைச் சேர்த்துக்கொண்டு இந்தத் தொழிலைப் பார்க்கிறான். அவன் அப்பா சங்கையாவின் மிளகாய்க் காட்டில் கூலிக்குப் போனவர். அதனால் அவன் இன்ஜினியர் என்பது சங்கையாவுக்கு ஒரு வேடிக்கை. வேறு ஆட்கள் இருக்கும்போது மட்டும் “எங்க இன்ஜினியரு” என்பார்.

மகால் மாடியிலிருந்து பார்த்தால் கிழக்கே கண்ணுக்கெட்டிய மட்டும் சீமைக்கருவேலங்காடு. அங்கங்கே கரிமூட்டம் புகையும். மேற்கே நூல் மில்கள். அங்கிருந்து பஞ்சு பறந்து வரும், இங்கிருந்து கரித்தூசி வரும். இரண்டும் மிஷினின் காயிலில் படிந்து, பனி ஈரத்தில் ஒட்டி, வெயிலில் காய்ந்து, கறுப்புக் கம்பளி மாதிரி ஆகிவிடும். அதற்கப்புறம் மிஷினால் மூச்சுவிட முடியாது. கொஞ்ச நேரம் ஓடும், சூடேறும், தானாக நின்றுவிடும்.

ஆவணி முதல் முகூர்த்தத்தன்று விடியக் காலையில் ராஜகுரு போன் செய்தான். மகாலின் வாட்ச்மேன், எலக்ட்ரீசியன், கணக்கப்பிள்ளை எல்லாம் அவன்தான்.

“காளி, ஒடனே கெளம்பி வா. நேத்து பொண்ணழைப்புலயே மக்கர் பண்ணிருச்சு. ஓடுது, நிக்குது, ஓடுது, நிக்குது.”

“கழுவணும்ணே. நாந்தான் ஆடியிலயே சொன்னேனே.”

“அத ஐயாகிட்டச் சொல்லு, எங்கிட்டச் சொல்லாத. வா.”

காளீஸ்வரனின் மனைவி பாண்டீஸ்வரி அடுப்பில் காப்பி போட்டுக்கொண்டிருந்தாள். அடுத்த தெருவிலிருந்து பூமிநாதன் வண்டியை உறுமவிட்டபடி வந்து சேர்ந்தான். சலவைச் சட்டை, நெற்றியில் திருநீறு.

“ஏலே, கரி அள்ளப் போறியா, கல்யாணத்துக்குப் போறியா?” என்றாள் பாண்டீஸ்வரி.

“ரெண்டுக்குந்தான். வேல முடிஞ்சதும் பந்தியில உக்காருவேன்ல.”

“உக்கார விடுவாகளா?”

“விடாட்டிப் பொட்டலமாக் குடுப்பாக. பொட்டலத்துலயும் கேசரிதானக்கா இருக்கும்.”

“மச்சானப் பாத்துக்கடா. அவுகளுக்கு மாடின்னா தல சுத்தும்.”

“இன்ஜினியருக்குத் தல சுத்தாம என்ன செய்யும்? நான் இருக்கேன்ல.”

காளீஸ்வரன் காப்பியைக் குடித்துவிட்டு டூல் பையை எடுத்தான்.

மகாலில் வாழைமரம் கட்டி, சீரியல் செட் போட்டு, ரோட்டை மறித்து வரவேற்பு வளைவு வைத்திருந்தார்கள். மாடிக்குப் போக ஒரே படிதான். அது மணவறைக்குப் பக்கவாட்டில், ஒரு மரக்கதவுக்குப் பின்னால் ஏறுகிறது. மண்டபத்தைப் பின்னால் இழுத்துக் கட்டியபோது வெளிப்படியை இடித்துவிட்டார்கள். பின்பக்கம் சமையல்கட்டுச் சுவரில் செங்குத்தாக ஓர் இரும்பு ஏணி இருந்தது. அதில் வெறுங்கையோடு ஒருத்தன் ஏறலாம். அவ்வளவுதான்.

மாடியில் தண்ணீர்த் தொட்டிக் காலில் இரண்டு குழாய் ரேடியோவைக் கட்டி வைத்திருந்தார்கள். ஒன்று அருப்புக்கோட்டையைப் பார்த்து, ஒன்று திருச்சுழியைப் பார்த்து. கீழே ஊதுகிற நாதஸ்வரம் மாடியில்தான் வெடித்தது. பக்கத்தில் நிற்பவனிடம் பேச வேண்டுமென்றால்கூட காதருகே குனிந்து கத்த வேண்டும்.

பூமிநாதன் முதல் காரியமாகக் கீழே போர்டிலிருந்து மிஷினுக்குப் போகும் பீஸ் கட்டைகள் மூன்றையும் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்திருந்தான். இந்த ஊர் மெக்கானிக்குகள் எல்லோரும் அப்படித்தான். போர்டில் பூட்டு கிடையாது, எச்சரிக்கைப் பலகை கிடையாது. கட்டை நம் பையில் இருந்தால் கீழே எவனும் கரண்டு போட முடியாது என்ற நம்பிக்கை.

“நல்ல தண்ணி கேட்டியா?” என்று காதில் கத்தினான் காளீஸ்வரன்.

“கேட்டேன் மச்சான். ஐயா என்ன சொன்னாரு தெரியுமா? கல்யாணத்துக்கு வந்தவனுக்கே லாரித் தண்ணி வாங்கி ஊத்துறேன், உம் மிஷினு என்ன மாப்பிள்ளையோட மாமனான்னாரு.”

“போர்த் தண்ணி உப்புடா. தகடு அரிச்சுப் போகும்.”

“அரிக்கட்டும். அவுக மிஷினு, அவுக தகடு.”

போர்த் தண்ணீரில்தான் கழுவினார்கள். பூமிநாதன் சட்டையைக் கழற்றவில்லை. கழற்றச் சொன்னதற்கு, கட்டை பையில் இருக்கிறது என்றான். கறுப்புக் கம்பளி பட்டை பட்டையாகக் கழன்று விழுந்தது. பிரஷ்ஷால் தேய்க்கத் தேய்க்கத் தகடு வெள்ளி மாதிரி தெரிந்தது. அவன் கால், கை, முழங்கை எல்லாம் உப்புத் தண்ணீரும் கரியும் வழிந்தது. செருப்பு வழுக்குகிறது என்று ஓரமாகக் கழற்றிப் போட்டான்.

ராஜகுரு மூச்சிரைக்க மேலே வந்தான்.

“இன்னும் எம்புட்டு நேரம்டா?”

“அரை மணி நேரம்ணே. கழுவியாச்சு. வயரு முறுக்கெல்லாம் லூசாக் கெடக்கு. முறுக்கிட்டுப் போட்ருவோம்” என்றான் காளீஸ்வரன்.

“அரை மணி நேரமா? மாப்பிள்ளை வீட்டாளுக பத்திரிகைய மடிச்சு விசிறிக்கிட்டிருக்காக. மாப்பிள்ளையோட அப்பா, மகால்னு போட்ருக்கீக, சோறு வடிக்கிற எடம் மாதிரில்ல இருக்குன்னுட்டாரு. சபையில வச்சு. ஐயா மூஞ்சி செத்துப் போச்சு.”

“முடிச்சிட்டுச் சொல்றோம். நான் சொல்லாமப் போடாதீக.”

“போன எடு, அது போதும். மேல இருந்தா எதையும் எடுக்க மாட்டேங்குறீக.”

“இந்தக் குழாய் கத்துனா எங்குட்டுக் கேக்கும்?”

ராஜகுரு குழாயைப் பார்த்தான், தலையில் அடித்துக்கொண்டு இறங்கினான்.

கீழே நடந்தது காளீஸ்வரனுக்குப் பின்னால்தான் தெரியும். மாப்பிள்ளையின் அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே காற்றாட எழுந்து போனார். சங்கையா அதைப் பார்த்தார். ராஜகுருவைக் கூப்பிட்டு, போடுறா என்றார். ராஜகுரு, மேலே ஆள் இருக்கிறான் என்றான். கழுவியாச்சு என்று சொன்னாயே என்றார். முறுக்குகிறார்கள் என்றான். அவனுக சொல்லிக்கிட்டேதான்டா இருப்பானுக, போடு என்றார். கட்டையை அவர்கள் எடுத்துப் போய்விட்டார்கள் என்றான். சங்கையா அவனைப் பார்த்தார். ராஜகுரு இரண்டு தரம் காளீஸ்வரனுக்குப் போன் அடித்தான். பிறகு சமையல்கட்டில் கிரைண்டர் போர்டிலிருந்த பீஸ் கட்டைகளைப் பிடுங்கிக்கொண்டு வந்து மாட்டினான்.

காளீஸ்வரன் அந்தப் பக்கம் உட்கார்ந்து பில்டரைத் தட்டிக்கொண்டிருந்தான். சத்தம் எதுவும் கேட்கவில்லை. மிஷினின் காற்றாடி சுற்ற ஆரம்பித்ததைத்தான் பார்த்தான். கழுவிவிட்டதால் நன்றாகச் சுற்றியது. அது எப்படிச் சுற்றும் என்று ஒரு கணம் யோசித்தான். எழுந்து இந்தப் பக்கம் வந்தான். பூமிநாதன் திறந்து கிடந்த வயர்ப் பெட்டிக்கு முன்னால் மண்டியிட்டு, திருப்புளியோடு, தலையை லேசாக ஆட்டிக்கொண்டிருந்தான். பாட்டுக்குத் தலையாட்டுகிறவன் மாதிரி இருந்தது.

காளீஸ்வரன் தண்ணீர் விடுகிற பிளாஸ்டிக் குழாயைச் சுருட்டி அவன் கை மேல் ஓங்கி அடித்தான். இரண்டாவது அடியில் திருப்புளி விழுந்தது. பூமிநாதன் பின்பக்கமாகச் சாய்ந்தான்.

மூச்சு இருந்தது. முதலில் இல்லை, நெஞ்சில் வைத்து அமுக்க அமுக்க வந்தது. கல்லூரியில் ஒரு நாள் அதைச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். உள்ளங்கையில் கருகிய வாடை. கண் திறந்திருந்தது, எதையும் பார்க்கவில்லை. பிறகு பார்த்தது.

“மச்சான்.”

“இருக்கேன்டா. பேசாத.”

“கட்ட… பையிலதான இருக்கு.”

“பேசாத.”

இரண்டு கைகளிலும் அள்ளித் தூக்கப் பார்த்தான். முடியவில்லை. ஈரத்தில் உடம்பு நழுவியது. அவனைக் கிடத்திவிட்டுப் படியில் ஓடினான். கீழே கதவைத் திறந்தால் மணவறை. ஐயர் மந்திரம் சொல்லிக்கொண்டிருக்கிறார். பெண்ணை அழைத்து வரச் சொல்லியாயிற்று. கதவுக்குப் பக்கத்தில் சங்கையாவின் மகன் வீரபாண்டி பட்டு வேட்டியோடு நின்றிருந்தான். காளீஸ்வரனின் முகத்தைப் பார்த்ததும் அவனைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்து கதவைச் சாத்தினான்.

“என்னடா?”

“பூமிக்குக் கரண்டு அடிச்சிருச்சுண்ணே. உசுரு இருக்கு. தூக்கணும். ரெண்டு ஆளு குடுங்க.”

வீரபாண்டி மேலே ஓடினான். பார்த்தான். பட்டு வேட்டியோடு அந்தக் கரித் தண்ணீரில் உட்கார்ந்து பூமிநாதனின் கையைப் பிடித்துக்கொண்டான். “தம்பி, தம்பி” என்றான். பிறகு வாயைத் துடைத்துக்கொண்டு எழுந்தான்.

“காளி, நான் சொல்றதக் கேளு. பொண்ணு மணவறைக்கு வந்திருச்சு. இப்ப இவனத் தூக்கிக்கிட்டு அது வழியாப் போக முடியுமா? சொல்லு.”

“வேற வழி இல்லண்ணே.”

“பத்து நிமிஷம். தாலி ஏறிரட்டும். கெட்டிமேளம் கொட்டுன மறுநிமிஷம் நானே தூக்குறேன். நானே.”

“தாங்க மாட்டாண்ணே.”

“மூச்சுதான் நல்லா வருதுல்ல. பேசுறான்ல. ஆம்புலன்ஸுக்கு இந்தாப் பாரு, நானே சொல்றேன்.” போனைக் காதில் வைத்துக்கொண்டு தொட்டிப் பக்கம் நடந்து போனான். வாயசைந்தது. திரும்பி வந்தான். “சொல்லிட்டேன். பின்பக்கமா வரச் சொல்லிருக்கேன். அது வந்து சேரவே பத்து நிமிஷம் ஆகும்ல?”

அவன் யாருக்கும் போன் செய்யவில்லை என்பது காளீஸ்வரனுக்குப் பின்னால்தான் தெரிந்தது.

“இந்நேரம் பிணம் கிணம்னு ஒரு சொல்லு சபையில விழுந்தா மாப்பிள்ளை வீட்டாளுக எந்திரிச்சிருவாக. எந்தங்கச்சி மறுபடி மணவறை ஏற முடியுமாடா? நீயும் அக்கா தங்கச்சியோட பொறந்தவன்தான. அதோட ஐயாவப் பத்தித் தெரியும்ல. கல்யாணத்த நிறுத்துனவன்னு பேராச்சுன்னா ஊருக்குள்ள நீ எப்படி இருப்ப?”

காளீஸ்வரன் பூமிநாதனைப் பார்த்தான்.

“பத்து நிமிஷம்டா.”

வீரபாண்டி இறங்கிப் போனான். கீழே தாழ்ப்பாள் விழுந்தது. சத்தம் கேட்கவில்லை. ஆனால் விழுந்திருக்கும் என்று தெரிந்தது.

காளீஸ்வரன் மச்சினனின் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, மிஷின் நிழலில் உட்கார்ந்தான். வெயில் ஏறிவிட்டது. மிஷினின் காற்றாடி அனலை மேல்நோக்கித் துப்பிக்கொண்டிருந்தது. கீழே மண்டபம் குளிர ஆரம்பித்திருக்கும்.

குழாய் ரேடியோ வயர் கைக்கெட்டுகிற தூரத்தில் ஓடியது. பக்கத்தில் கிடந்த கட்டிங் பிளேயரைக் கையில் எடுத்தான். வெட்டினால் சத்தம் நின்றுவிடும். சுவரோரம் போய் ரோட்டைப் பார்த்துக் கத்தினால் டீக்கடையிலிருந்து நாலு பேர் வந்துவிடுவார்கள். கதவை உடைப்பார்கள். இதையெல்லாம் அவன் யோசித்தான். வரிசையாக, தெளிவாக யோசித்தான். பிளேயரைத் தரையில் வைத்தான்.

“மச்சான்.”

“ம்.”

“தண்ணி.”

“குடிக்கக் கூடாதுடா. கரண்டு அடிச்சவுக தண்ணி குடிச்சா நெஞ்ச அடைச்சிரும்.”

யார் சொன்னது என்று தெரியாது. ஊரில் எல்லோரும் சொல்வார்கள். படித்த படிப்பில் அப்படி ஒரு வரி கிடையாது. பூமிநாதனின் உதட்டில் கரி காய்ந்து வெடித்திருந்தது. தண்ணீர்க் குழாய் மூடாமல் அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்தது. அந்த உப்புத் தண்ணீர் மாடி பூராவும் பரவி இவர்கள் காலடியில் வந்து தேங்கியது.

“கொஞ்சூண்டு.”

“ஆஸ்பத்திரியில குடிக்கலாம். வண்டி வந்துக்கிட்டிருக்கு.”

பூமிநாதன் நாக்கை நீட்டி உதட்டைத் தடவிக்கொண்டான். அப்புறம் கேட்கவில்லை.

பைக்குள் போன் அதிர்ந்தது. பாண்டீஸ்வரி. எடுக்காமல் இருந்தால் திரும்பத் திரும்ப அடிப்பாள். எடுத்து, மறுகாதைப் பொத்திக்கொண்டான்.

“ஏங்க, சத்தமா இருக்கு, கேக்குதா? மேளம் அடிக்குதா? தாலி கட்டியாச்சா?”

“இன்னும் இல்ல.”

“ரெண்டு பேரும் அங்கயே சாப்புட்டு வாரீகளா? ஒல வைக்கவா வேண்டாமான்னு கேக்கத்தான் போட்டேன்.”

“வேண்டாம்.”

“அவென்கிட்டக் குடுங்க. கேசரி இருக்கான்னு கேக்குறேன்.”

“வேலையா இருக்கான்.”

“என்ன, ஒரு மாதிரிப் பேசுறீக? தல சுத்துதா?”

“இல்ல. வைக்கிறேன்.”

பூமிநாதனின் கண் அந்தப் போனையே பார்த்துக்கொண்டிருந்தது. அக்கா என்று தெரிந்துவிட்டது. மூச்சு மேல் மூச்சாக வந்தது. நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று தப்பித் தப்பி அடித்தது. காளீஸ்வரன் அதன் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டே இருந்தான்.

பத்து நிமிஷம் போய்விட்டது. அதற்கு மேலும் போனது. நாதஸ்வரம் இழுத்து இழுத்து வாசித்தது. யாரோ பெரிய மனுஷருக்காகக் காத்திருந்தார்கள் என்று பிறகு சொன்னார்கள்.

கெட்டிமேளம் கொட்டியது. இரண்டு குழாயும் சேர்ந்து அதைக் காட்டுப் பக்கமும் டவுனுப் பக்கமும் இறைத்தன.

வீரபாண்டி சொன்ன சொல்லைக் காப்பாற்றினான். ராஜகுருவும் பந்தி பரிமாறுகிற ஒருத்தனும் கூட வந்தார்கள். ராஜகுருவின் தோளில் ஒரு ஜமுக்காளம் சுருட்டி இருந்தது.

“இதெதுக்கு?” என்றான் காளீஸ்வரன்.

“இதுல வச்சுத்தான்டா தூக்க முடியும்.”

விரித்துக் கிடத்தினார்கள். ஒரு ஓரத்தை எடுத்துக் காலுக்கு மேல் போட்டார்கள். இன்னொரு ஓரத்தை எடுத்து முகத்துக்கு மேல் போட்டான் ராஜகுரு.

“மூஞ்சிய மூடாதீகண்ணே. உசுரு இருக்கு.”

“கீழ போற வரைக்குந்தான்டா. சபையில ஒருத்தரும் பாத்திரக் கூடாது.”

“மூச்சு முட்டும்ணே.”

“ஒரு எட்டுதான. தூக்கு.”

காளீஸ்வரன் தலைப் பக்கம் பிடித்தான். படியில் இறங்கும்போது ஜமுக்காளத்துக்குள் மூச்சு கைக்குத் தெரிந்தது. சூடாக, ஈரமாக, அவன் விரல் படுகிற இடத்தில் துணி உப்பி அடங்கியது.

கதவைத் திறந்தார்கள். குளிர் முகத்தில் அடித்தது. மண்டபம் ஜில்லென்று இருந்தது. தாலி கட்டி முடித்த அமளி. ஆட்கள் எழுந்து நின்று அட்சதை தூவிக்கொண்டிருந்தார்கள். கேமராக்காரன் ஏணி போட்டு ஏறியிருந்தான். வீரபாண்டி முன்னால் கை வீசி வழி விலக்கினான்.

“வழி விடுங்க, வழி விடுங்க. பந்திக்கு ஜமுக்காளம் போகுது.”

பட்டுச் சேலை கட்டிய ஓர் அம்மாள் இடித்துக்கொண்டாள்.

“ஏம்ப்பா, இப்பயே சுருட்டிட்டீக? மொய்கூட இன்னும் எழுதலையே?”

“அழுக்காப் போச்சு ஆத்தா. மாத்துறோம்.”

“என்னத்தப் போட்டுச் சுருட்டுனீக, இம்புட்டுப் பாரமாத் தூக்குறீக?”

பக்கத்திலிருந்தவர்கள் சிரித்தார்கள். பந்திக்காரனும் பயத்தில் சிரித்தான். மணவறையை நோக்கி வீசிய மஞ்சள் அரிசி குறி தப்பி ஜமுக்காளத்தின் மேல் விழுந்தது. சங்கையா மணவறைப் படியில் சம்பந்தியின் தோளில் கைபோட்டு நின்றிருந்தார். சம்பந்தி, இப்பத்தான்யா குளுகுளுன்னு இருக்கு என்று சொல்லிக்கொண்டிருந்தார். சங்கையாவின் கண் ஜமுக்காளத்தின் மேல் ஒரு தடவை பட்டது. பட்டதும் எடுத்துக்கொண்டார்.

பின்வாசலில் ஆம்புலன்ஸ் இல்லை. பாத்திரம் ஏற்றி வந்த குட்டியானை வண்டி நின்றது. அண்டாக்களைத் தள்ளிவிட்டு அதில் வைத்தார்கள். காளீஸ்வரன் துணியை விலக்கினான். பூமிநாதன் அப்படியேதான் இருந்தான். வாய் கொஞ்சம் திறந்திருந்தது. நெஞ்சில் கை வைத்தான். தப்பித் தப்பி அடித்தது இப்போது அடிக்கவில்லை. வண்டி குலுங்கியதில் அண்டா ஒன்று உருண்டு வந்து அவன் முதுகில் மோதியது. அமுக்கினான். ஆஸ்பத்திரி வாசல் வரை அமுக்கிக்கொண்டே போனான்.

டாக்டர் பார்த்துவிட்டு, எப்ப அடிச்சது என்று கேட்டார்.

“இப்பத்தான் சார். அடிச்சதும் தூக்கிட்டு வந்துட்டோம்” என்றான் வீரபாண்டி.

டாக்டர் காளீஸ்வரனைப் பார்த்தார். அவன் ஆமாம் என்று தலையை ஆட்டினான்.

சட்டையைக் கழற்றியபோது பையிலிருந்து மூன்று பீஸ் கட்டைகள் விழுந்தன. நர்ஸ் அவற்றை ஒரு டிரேயில் போட்டு, இது என்ன சாமான் என்று கேட்டாள்.

பாண்டீஸ்வரியும் அவள் அம்மா பிச்சையம்மாளும் பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். பிச்சையம்மாள் பிணவறை வாசல் மண்ணில் உட்கார்ந்து நெஞ்சில் அடித்துக்கொண்டாள். ராஜகுரு பக்கத்தில் குந்தினான்.

“அடிச்ச ஒடனே போயிருச்சு தாயி. ஒரு நொடிதான். அவனுக்கே தெரிஞ்சிருக்காது.”

“கஷ்டப்பட்டானாய்யா எம் புள்ள?” அவள் ராஜகுருவைப் பார்த்துக் கேட்கவில்லை. மருமகனைப் பார்த்துக் கேட்டாள். “சொல்லுங்க மாப்ள. நீகதான பக்கத்துல இருந்தீக.”

“இல்ல அத்த.”

“கூப்புட்டானா என்னய?”

“இல்ல அத்த. ஒடனே…”

“அந்த மட்டும் நல்லது” என்று சொல்லி, அதற்கு மறுபடியும் அழுதாள்.

அன்று பிணத்தைத் தரவில்லை. மறுநாள் மதியத்துக்கு மேல்தான் கிடைக்கும் என்றார்கள். பாலவனத்தத்தில் பந்தல் போட்டார்கள். சொந்தக்காரர்கள் வெயிலோடு வந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். காளீஸ்வரன் வீட்டுக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டியருகே கரி போகாத கையைச் சோப்புப் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தான். பாண்டீஸ்வரி ஒரு குடத்தோடு வந்தாள். குடத்தை வைத்துவிட்டு நின்றாள்.

“நான் போன் போட்டேன்ல.”

அவன் தேய்ப்பதை நிறுத்தினான்.

“வேலையா இருக்கான்னு சொன்னீக.”

“ம்.”

“அப்ப இவனுக்கு அடிச்சிருச்சா?”

“அடிச்சிருச்சு.”

“உசுரு இருந்துச்சா?”

அவனுக்குப் பொய் ஒன்று தேவைப்பட்டது. அதுவரைக்கும் மற்றவர்கள் கொடுத்த பொய்யைச் சொன்னான். இப்போது கொடுக்க யாரும் இல்லை.

“இருந்துச்சு.”

“பேசுனானா?”

“தண்ணி கேட்டான்.”

“குடுத்தீகளா?”

“குடுக்கல.”

“ஏன் தூக்கிட்டு வரல?”

“தாலி ஏறட்டும்னாக.”

அவள் அழவில்லை. தொட்டியில் குடத்தை அமுக்கி நிரப்பினாள். நிரம்புகிற வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். இடுப்பில் ஏற்றிக்கொண்டு உள்ளே போனாள். உள்ளே பிச்சையம்மாள் யாரிடமோ கேட்டுக்கொண்டிருந்தது அவனுக்குக் கேட்டது. “நெசமாவே ஒடனே போயிட்டானாமாடி? சொல்லுடி.”

“ஒரு நொடிதானாம்மா” என்றாள் பாண்டீஸ்வரி. “அவுகதான் சொல்றாகள்ல.”

மறுநாள் பிணம் வந்தது. குளிப்பாட்டி, பாடையில் வைத்து, வாசலில் இறக்கினார்கள். கொட்டுக்காரர்கள் கொட்டைத் தீயில் சூடு காட்டிக்கொண்டிருந்தார்கள். வீரபாண்டி ஒரு காரில் வந்தான். பெரிய ரோஜா மாலை. கழுத்தில் போட்டுவிட்டுக் கும்பிட்டான். கூட்டம் ஒதுங்கி வழி விட்டது. பிச்சையம்மாள் அவன் கையைப் பிடித்துக்கொண்டு, நீகளாவது தூக்கிட்டு ஓடுனீகளே ராசா என்று அழுதாள். அவன் கையை உருவிக்கொள்ளத் தெரியாமல் நின்றான்.

கோடி போடுகிற நேரம் வந்தது. செத்தவனுக்கு மச்சான் முறைக்காரன் புதுத்துணி போர்த்த வேண்டும். கூடப் பிறந்தவளின் புருஷனுக்குத்தான் முதல் உரிமை. அவன் போட்ட பிறகுதான் மற்றவர்கள். பூமிநாதனின் சித்தப்பா அருஞ்சுனை, தலையில் துண்டோடு சத்தம் கொடுத்தார்.

“மச்சான் கோடி! காளி, வாப்பா.”

காளீஸ்வரன் காலையிலேயே டவுனுக்குப் போய் வாங்கி வந்திருந்தான். நல்ல வேட்டி. மடிப்பைப் பிரித்து, இரண்டு கைகளிலும் விரித்துப் பிடித்துக்கொண்டு நடந்து வந்தான். பாடைக்குக் குறுக்கே பாண்டீஸ்வரி வந்து நின்றாள்.

“இவுக போட வேண்டாம்.”

அருஞ்சுனைக்குச் சரியாகக் கேட்கவில்லை. “என்ன தாயி?”

“இவுக கோடி வேண்டாம் சித்தப்பா.”

கொட்டு நின்றது.

“ஏய், என்னடி பேசுற? உம் புருஷன்டி. மச்சான்காரன்டி. அவன் போடாம யாரு போடுறது?”

“வேற யாராச்சும் போடட்டும்.”

“வீட்டுக்குள்ள சண்டைன்னா நாளைக்கு வச்சுக்க. இது என்ன நேரம்?” என்றாள் ஒரு பெரியம்மா. “ஊரு பாக்குதுடி.”

பிச்சையம்மாள் எழுந்து வந்து மகளின் தோளைப் பிடித்து உலுக்கினாள். “கிறுக்குப் புடிச்சிருச்சா ஒனக்கு? மாப்ள, நீக போடுங்க மாப்ள. அவ கெடக்குறா.”

பாண்டீஸ்வரி நகரவில்லை. காளீஸ்வரனும் நகரவில்லை.

அருஞ்சுனை காரணம் தேடிக் கூட்டத்தைப் பார்த்தார். வீரபாண்டியின் மேல் கண் போனது. “இப்பத்தான மகால்காரவுக மாலை போட்டாக. வேலைக்குக் கூப்புட்டவுக அவுக. அவுகள ஒண்ணும் சொல்லல. இவன் என்ன பாவம் பண்ணுனான், இவன நிறுத்துற?”

அவள் வீரபாண்டியைத் திரும்பியே பார்க்கவில்லை.

“அவுக வெளியாளு.”

அவ்வளவுதான் சொன்னாள். அதற்கு மேல் எத்தனை பேர் எத்தனை விதமாகக் கேட்டும் வாய் திறக்கவில்லை. பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. சுடுகாடு தூரம். அருஞ்சுனை காளீஸ்வரனின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். எதையோ படித்துவிட்டவர் மாதிரிப் பார்வையை இறக்கிக்கொண்டார். அவன் கையிலிருந்த வேட்டியை வாங்கி ஓரமாக வைத்தார். பந்தல்குடியிலிருந்து வந்திருந்த சதீஸ்குமாரைக் கூப்பிட்டார். ஒன்றுவிட்ட அக்காளின் புருஷன். அவனிடம் புதுத்துணி இல்லை. யாரோ தோளிலிருந்த துண்டைக் கொடுத்தார்கள். அவன் தயங்கித் தயங்கி வந்து போர்த்தினான்.

கொட்டு மறுபடி கிளம்பியது. பாடையைத் தூக்கினார்கள். கூட்டம் தெருவில் இறங்கிப் போனது. காளீஸ்வரன் பந்தலுக்குள்ளேயே நின்றான். அவன் கைகள் இரண்டும், துணியை விரித்துப் பிடித்திருந்த அதே வாக்கில், முன்னால் நீண்டபடி இருந்தன.